இரண்டாம் கட்டமும் ஒரு பீலியும்

அந்த அறிக்கையைத் தமிழில் எழுதும் வேலை என் தலையில் விழுந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. கண்டியில் எங்கள் அரசாங்கத் திட்டமிடல் கந்தோரில் தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

தெல்தெனியவுக்கு அப்பால், மலைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் ஒரு மேட்டு நிலத்தில் சிறிய விமான நிலையம் ஒன்று இருக்கிறது. விமான நிலையம் என்ற சொல்லை நம்பிப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஓர் ஓடுபாதை, தகரக் கூரை போட்ட ஒரு கட்டடம், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று காட்டும் சிவப்புத் துணிக்குழல், சுற்றிவர முட்கம்பி வேலி. சில நாட்களில் சின்ன விமானமொன்று வந்து இறங்கும். பல நாட்களில் வேலிக்கரையில் மாடுகள் மட்டும் நிற்கும். அதைப் பெரிதாக்கும் திட்டம்தான் எங்கள் கைக்கு வந்திருந்தது. முதலாம் கட்டத்தில் ஓடுபாதையை மேற்குப் பக்கமாக நீட்டுவார்கள். இரண்டாம் கட்டத்தில் கிழக்குச் சரிவை மண் போட்டு நிரப்பி, அதன்மேல் விமானங்கள் நிற்கும் தளத்தையும் புதிய பயணிகள் கட்டடத்தையும் கட்டுவார்கள். மூன்றாம் கட்டத்தில் சரக்குக் கொட்டகையும் ஓடுபாதை விளக்குகளும் வரும்.

இப்படியான திட்டங்களுக்குச் சுற்றாடல் அறிக்கை எழுதி, அதை மூன்று மொழிகளிலும் முப்பது நாட்கள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். பார்த்தவர்கள் தங்கள் அபிப்பிராயத்தை எழுதிக் கொடுக்கலாம். பிறகு ஒரு பகிரங்க விசாரணை நடக்கும். அந்த விசாரணையில் தமிழுக்கும் சிங்களத்துக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கும் வேலையும் எனக்கே என்று கந்தோரின் மேலதிகாரியான எங்கள் பணிப்பாளர் அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் சிங்களவர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கூட்டங்களில் யாராவது வளவளவென்று பேசினால் பேனையின் மூடியைக் கழற்றிக் கழற்றிப் போடுவார். எல்லாரும் புரிந்துகொண்டு முடித்துவிடுவார்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். பேராதனைக்குப் படிக்க வந்து, படிப்பு முடிந்து வேலையும் இங்கேயே கிடைத்து, அம்பிட்டியவில் வீடெடுத்து இருந்துவிட்டேன். கணவர் நகரத்தில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறார். கண்டியில் இத்தனை வருடம் இருந்தும் என் பேச்சு மாறவில்லை. எழுத்தில் மட்டும் எல்லாருக்கும் பொதுவான தமிழ் வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அறிக்கை அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தது. 'கட்டம் கட்டமான விரிவாக்கம்' என்று எழுதிவிட்டு, இதைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், இருக்கும் ஒருவர் வாசித்தால் என்ன நினைப்பார் என்று யோசித்தேன். 'முதலில் இது, பிறகு இது' என்று ஒரு சிறு விளக்கம் சேர்த்தேன். 'ஓடுபாதை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'ரன்வே' என்றும் போட்டேன்.

எண்பதாம் பக்கத்துக்குக் கிட்ட வந்தபோது ஒரு வசனத்தில் என் கை நின்றது.

'கிழக்குச் சரிவில் நிரந்தர நீர் மூலங்கள் எவையும் இல்லை என்பது நேரடிக் கள ஆய்வில் உறுதிசெய்யப்பட்டது.'

அந்த நேரடிக் கள ஆய்வைச் செய்தவள் நான்.

மற்றப் பக்கங்களையெல்லாம் நடந்து பார்த்தேன் என்பது உண்மைதான். மேற்குப் பக்கம், வேலி ஓரம், வாகனப் பாதை எல்லாம் பார்த்தேன். கிழக்குச் சரிவுக்குப் போன அன்று பகல் பன்னிரண்டு மணிக்கே வானம் இருண்டுவிட்டது. இடுப்பளவு மானாப் புல். பாதி இறங்குவதற்குள் இரண்டு கால்களிலும் அட்டைகள். மழை பிடித்துக்கொண்டது. சப்பாத்து வழுக்கி ஒரு தடவை விழுந்தும்விட்டேன். மேலே ஏறி வாகனத்துக்குள் உட்கார்ந்து, பழைய நில அளவை வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். அதில் கிழக்குச் சரிவில் நீலக் கோடு எதுவும் இல்லை. படிவத்தில் 'இல்லை' என்ற இடத்தில் சரி போட்டேன். இன்னொரு நாள் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அந்த இன்னொரு நாள் வரவில்லை.

வசனத்தைத் தமிழில் எழுதி முடித்து அடுத்த பக்கத்துக்குப் போனேன். அன்று எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. வரைபடம் பொய் சொல்லாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிரதேச செயலகத்தில் அறிக்கையை வைத்த முதல் வாரம் அதைத் தேடி வந்தவர் ஒரே ஒருவர்தான். அக்குறணையில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் வியாபாரி. ஐம்பது வயதிருக்கும். வெள்ளைத் தொப்பி, சட்டைப் பையில் இரண்டு பேனை. நான் பிரதிகளைச் சரிபார்க்கப் போயிருந்த அன்று, மூலையில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முழு அறிக்கையையும் வாசித்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்தான் இத தமிழ்ல எழுதினதா? நல்லா வெளங்குது" என்றார். "ஆனா ஒரு கேள்வி. சாமான் அனுப்புற கொட்டகைய ஏன் மூணாவதுல போட்டீங்க? அது வரக்குள்ள என்ட மகன் வாப்பாவாகிருவான் போல."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"மழைக்கு றோட்டுல மண் சரிஞ்சா லொறி மலையில நிக்கும் மிஸ். சாமான் ஈரமாகும். அங்க வாங்குறவன் அடுத்த தரம் வேற நாட்டுக்குப் போயிருவான். எங்களுக்கு மட்டுமில்ல, இந்தப் பக்கம் மிளகு நட்டிருக்கிற எல்லாருக்கும்தான். இத எழுதித் தந்தா பார்ப்பாங்களா?"

"கட்டாயம் பார்ப்பினம். எழுதித் தாங்கோ" என்றேன்.

அங்கேயே உட்கார்ந்து, இரண்டு பக்கம் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தோட்டத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கிழக்குச் சரிவுக்குக் கீழே ஒரு சிறிய தேயிலைத் தோட்டம் இருக்கிறது. அங்கே இரண்டு லயங்கள். அவர்கள் ஒரு நாள் பேரை, அதாவது ஒரு நாள் கூலியை, விட்டுவிட்டு, பஸ் ஏறிப் பிரதேச செயலகத்துக்கு வந்து, தடித்த அறிக்கையைப் புரட்டிப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்ப்பதே அநியாயம். நான் பணிப்பாளர் அம்மாவிடம் போய், ஒரு சனிக்கிழமை வரைபடத்தோடு லயத்துக்குப் போய் விளக்கிவிட்டு வரட்டுமா என்று கேட்டேன்.

"சட்டப்படி தேவையில்லை" என்றார். பிறகு பேனை மூடியைப் போட்டுவிட்டு, "ஆனால் போ. போனால் நல்லது" என்றார்.

லயத்தில் கூட்டம் வைக்க வேறு இடமில்லை. பிள்ளைமடுவத்தில்தான் வைத்தோம். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. சுவரில் எழுத்துப் படங்கள், ஒரு மூலையில் பிள்ளைகளை நிறுக்கும் தராசு, கூரையிலிருந்து தொங்கும் சேலைத் தொட்டில்கள். மடுவத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். எனக்கு ஒரே ஒரு பெரிய கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

"வாங்க மிஸ். இப்படி ஒக்காருங்க. பிளேன்டீ குடிப்பீங்கதானே?"

இருபது பேர்வரை வந்திருந்தார்கள். வரைபடத்தைத் தரையில் விரித்தேன். ஓடுபாதை, வேலி, தோட்டத்து றோட்டு, லயம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். தங்கள் லயத்தை வரைபடத்தில் பார்த்ததும் எல்லாருக்கும் சந்தோஷம். ஓர் இளைஞன் லயத்தில் தன் வீடான காம்பறா எது என்று தேடிக் கண்டுபிடித்தான். விமான நிலையம் பெரிதானால் வேலை கிடைக்குமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். கட்டட வேலையும் பிறகு துப்புரவு, காவல் வேலைகளும் வரும், உள்ளூர்க்காரருக்கு முதலிடம் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறது என்றேன். அது அவர்களுக்குப் பிடித்திருந்தது.

மடுவத்துப் பெண் மட்டும் குனிந்து வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், இந்த மஞ்சக் கலர் போட்டது என்னாது?"

"அதுதான் இரண்டாம் கட்டம். அந்தச் சரிவை மண் போட்டு நிரப்புவினம்."

"எங்க பீலியக் காணோமே?"

ஊற்றுத் தண்ணீரை மூங்கிலாலோ தகரத்தாலோ ஏந்தி விழவைக்கும் இடத்தை அங்கே பீலி என்பார்கள். நான் அவளைப் பார்த்தேன்.

"பீலி எங்கே இருக்குது?"

அவள் விரலை வைத்தாள். மஞ்சள் நிறத்தின் நடுவில்.

"கோடையில வத்திப்போகுமா?"

"நான் பொறந்ததுல இருந்து வத்தினதில்ல மிஸ். கொழாய்த் தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்காதான் வரும். புள்ளைங்களுக்குப் பால் கரைக்கிறது, சோறாக்குறது எல்லாம் பீலித் தண்ணிதான். வாங்க, காட்டுறேன். கிட்டதான்."

ஒரு பெண்ணிடம் குழந்தைகளை ஒப்படைத்துவிட்டு அவள் முன்னால் நடந்தாள். நான் மேலேயிருந்து இறங்க முடியாமல் திரும்பிப்போன அதே சரிவில், கீழேயிருந்து ஏறுவதற்குக் கால்பட்டுத் தேய்ந்த ஒரு நல்ல பாதை இருந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு பாறைகளுக்கு நடுவே தண்ணீர் வந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு தகரத்தை வளைத்துப் பொருத்தியிருந்தார்கள். கீழே சதுரமாகச் சீமெந்து போட்ட ஒரு தொட்டி. பக்கத்தில் கல்லில் குங்குமப் பொட்டு. மழை பெய்து பல நாட்களாகியிருந்தும் தண்ணீர் கைத்தண்டளவு பருமனில் விழுந்துகொண்டிருந்தது.

"குடிச்சிப் பாருங்க மிஸ்" என்றாள்.

குடித்தேன். பல் கூசும் குளிர்ச்சி. எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மழை வந்த அன்று இன்னும் இருநூறு அடி இறங்கியிருந்தால் இந்தத் தொட்டியில்தான் போய் நின்றிருப்பேன்.

"இதை எழுதித் தாங்கோ. எல்லாரும் கையெழுத்து வையுங்கோ. விசாரணைக்கும் நீங்களே வந்து சொல்லுங்கோ" என்றேன்.

"நான் பேசினா கேப்பாங்களா?"

"கேட்பினம். உங்கட பேச்சை நான்தான் சிங்களத்தில சொல்லப்போறன்."

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து கைப்பையைக் கழற்றாமலே குசினிக்குள் போய் நின்றேன். கணவர் பரீட்சைத் தாள்கள் திருத்திக்கொண்டிருந்தார்.

"என்ன, முகம் ஒரு மாதிரிக் கிடக்குது?"

"நான் அந்த இடத்துக்குப் போகேல்லையப்பா. போனதெண்டு எழுதிப்போட்டன்."

முழுவதையும் சொன்னேன். அவர் சிவப்புப் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"இப்ப சொன்னால் உமக்கு என்ன நடக்கும்?"

"விளக்கம் கேட்பினம். கடிதம் வரும். வேலைக்கு ஆபத்து வராது எண்டு நினைக்கிறன். ஆனா அறிக்கை முழுக்கப் பிழையெண்டு ஆக்கள் சொல்லத் தொடங்கிவிடுவினம்."

"சொல்லாட்டில்?"

நான் கைப்பையைக் கழற்றி மேசையில் வைத்தேன். அவர் எழுந்து தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தார்.

திங்கட்கிழமை காலையிலேயே பணிப்பாளர் அம்மாவின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் அறிக்கையை எடுத்து அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"இப்போது அறிக்கையைத் திரும்பப் பெற்றால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்" என்றார். "முதலாம் கட்டமும் நிற்கும். லயத்துக்காரர்கள் வந்து விசாரணையில் சொல்லட்டும். திட்டத்தின் பொறியியலாளர் பதில் சொல்வார். அதற்குப் பிறகு நாங்கள் ஒரு மேலதிகக் குறிப்பு எழுதிச் சேர்த்துவிடலாம். உன் பெயர் வரத் தேவையில்லை."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். என் மேசைக்கு வந்து உட்கார்ந்தபோது எனக்கு உண்மையில் ஆறுதலாகத்தான் இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை.

விசாரணை தெல்தெனியவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தலைமை தாங்கியவர் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், பொறுமைசாலி. முன்வரிசையில் திட்டத்தின் ஆலோசகராகக் கொழும்பிலிருந்து வந்திருந்த பொறியியலாளர், பக்கத்தில் எங்கள் பணிப்பாளர் அம்மா. நான் ஒலிவாங்கியோடு ஓரமாக நின்றேன். முதலில் சிங்களக் கிராமத்தவர்கள் சிலர் விமானச் சத்தத்தைப் பற்றியும் வயல் பாதையைப் பற்றியும் பேசினார்கள். அக்குறணை வியாபாரி எழுந்து, கொட்டகையைச் சீக்கிரம் கட்டச் சொல்லி, சிங்களத்திலேயே சரளமாகப் பேசிவிட்டு உட்கார்ந்தார்.

பிறகு மடுவத்துப் பெண். நீலச் சேலை கட்டியிருந்தாள். கையில் கடிதம் இருந்தாலும் அதைப் பார்க்காமலே பேசினாள்.

"நாங்க ஏர்போட் வேணாங்கல. எங்க பசங்களுக்கும் வேல கெடைக்கும்னு சொன்னாங்க. ஆனா அந்த மஞ்சக் கலர் போட்ட எடத்துல எங்க பீலி இருக்கு. அத மூடிட்டா எங்களுக்குத் தண்ணி இல்ல. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்."

நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். மண்டபம் அமைதியாகக் கேட்டது. பொறியியலாளர் எழுந்தார். கெட்டவர் இல்லை அவர். தனக்குக் கொடுக்கப்பட்ட தாளை நம்பிப் பேசினார்.

"மழைக்காலத்தில் சரிவுகளில் இப்படித் தண்ணீர் கசிவது வழக்கம்" என்றார் சிங்களத்தில். "அது நிரந்தர ஊற்று அல்ல. பொறுப்பான அதிகாரி ஒருவர் நேரில் நடந்து பார்த்து உறுதிசெய்திருக்கிறார்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மொழிபெயர்க்க வேண்டும். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், நான் என்ன சொல்வேன் என்று நம்பிக்கையோடு. முதல் வசனத்தைச் சொன்னேன். இரண்டாவதைச் சொன்னேன். மூன்றாவது என்னைப் பற்றியது.

ஒலிவாங்கியைத் தலைவர் பக்கம் திருப்பி, சிங்களத்தில் சொன்னேன். "சேர், மன்னிக்க வேண்டும். அந்த அதிகாரி நான்தான். மழை வந்ததால் அந்தச் சரிவில் நான் பாதிக்கு மேல் இறங்கவில்லை. பழைய வரைபடத்தைப் பார்த்து எழுதினேன். இந்த அம்மா சொல்வதுதான் சரி. மழையில்லாத நாளில் நானே அந்தப் பீலியில் தண்ணீர் குடித்தேன்."

பிறகு அதையே தமிழில் அவளிடம் சொன்னேன். அதுதான் கடினமாக இருந்தது. அவள் கண்ணைக் கொஞ்சம் சுருக்கினாள். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினாள். கோபமா மன்னிப்பா என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

மண்டபத்தில் சலசலப்பு. "அப்படியென்றால் இதில் இருக்கிற மற்றதெல்லாம் உண்மையா?" என்று பின்னாலிருந்து ஒருவர் சத்தமாகக் கேட்டார். நியாயமான கேள்வி. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பணிப்பாளர் அம்மா எழுந்து நின்றார். என்னைப் பார்க்காமல் தலைவரைப் பார்த்து, "அதிகாரி சொன்னதை அப்படியே பதிவேட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு கள ஆய்வையும் இரண்டு பேர் போய்த் திரும்பச் சரிபார்ப்போம். அதற்கு நான் பொறுப்பு" என்றார்.

அக்குறணை வியாபாரி எழுந்து கைகளை விரித்தார். "அப்ப எல்லாம் திரும்ப முதல்ல இருந்தா? இன்னும் எத்தனை வருசம்?"

இந்தத் தடவை அவர் தமிழில் பேசியது பதட்டத்தினால் என்று நினைக்கிறேன். நான் அதைச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் முன்னால் நடந்து போய், சுவரில் மாட்டியிருந்த பெரிய வரைபடத்தின் முன் நின்றார். பிறகு மடுவத்துப் பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, ஒங்கட பீலி இந்த மஞ்சள்ல எங்க?"

அவள் போய்க் காட்டினாள்.

"கொட்டகை வரப்போறது இங்க, பழைய கட்டடத்துக்குப் பக்கத்துல. இது சமதரை. மண் போடத் தேவையில்ல. அப்ப கொட்டகைய ரெண்டாவதா கட்டுங்களேன். இந்தச் சரிவ மூணாவதுக்கு வைங்க. அதுக்குள்ள தண்ணிய அளந்து பார்க்க நேரம் இருக்குமே. எனக்கும் வேல நடக்கும், அவங்களுக்கும் தண்ணி இருக்கும்."

பொறியியலாளர் அதைக் கேட்டதும் தன் வரைபடச் சுருளை விரித்தார். பணிப்பாளர் அம்மா அவர் பக்கத்தில் போய்க் குனிந்தார். தலைவர் தேநீர் இடைவேளை என்று அறிவித்தார். ஆனால் ஒருவரும் தேநீருக்குப் போகவில்லை. வரைபடத்தைச் சுற்றிக் கூடி நின்றார்கள். நான் கேட்டுக் கேட்டு இரண்டு பக்கமும் சொல்லிச் சொல்லி, கடைசியில் யாருக்கு எந்த மொழியில் சொல்கிறேன் என்பதே குழம்பி, வியாபாரிக்குச் சிங்களத்திலும் பொறியியலாளருக்குத் தமிழிலும் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தேன்.

உடனே எதுவும் முடிவாகவில்லை. கந்தோர் வேலைகள் அப்படி முடிவதில்லை. என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். ஓர் எச்சரிக்கைக் கடிதம் என் கோவையில் இன்றும் இருக்கிறது. சில சக ஊழியர்கள் சில காலம் என்னோடு மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. பணிப்பாளர் அம்மா மட்டும் மறுநாளே என்னைக் கூப்பிட்டு, "அடுத்த தடவை என்னிடம் வந்து ஒரு யோசனை கேட்டால், நான் சொல்வது பிழை என்றால் அந்த அறையிலேயே சொல். மண்டபத்தில் வைத்துச் சொல்லாதே" என்றார். பிறகு ஒரு கோவையைத் தள்ளினார். கள ஆய்வுகளைத் திரும்பச் செய்யும் வேலை. இரண்டு பேரில் ஒருத்தி நான். மற்றவர் அவரே. சப்பாத்துக்குள் உப்புத் தேய்த்துக்கொண்டு, அட்டைகளைத் திட்டிக்கொண்டு என்னோடு எல்லாச் சரிவுகளிலும் இறங்கி ஏறினார்.

கட்டங்களின் வரிசையை மாற்றுவதற்கு ஒப்புதல் வந்தது. கிழக்குச் சரிவில் கை வைக்க முன்னர் ஒரு வருடம் தண்ணீரை அளக்க வேண்டும் என்பது நிபந்தனை. யார் அளப்பது? கண்டியிலிருந்து வாரம்தோறும் ஓர் அதிகாரியை அனுப்ப முடியாது. நான் மடுவத்துக்குப் போய்க் கேட்டேன். விசாரணைக்குப் பிறகு அவளை நேரில் பார்த்தது அன்றுதான்.

"அன்னைக்கு எனக்குக் கோவந்தான் மிஸ்" என்றாள், நான் கேட்காமலே. "வந்து பாக்காம எப்புடி எழுதினீங்கன்னு. அப்புறம் யோசிச்சேன். நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"நான் பிழை விட்டன்" என்றேன்.

"சரி விடுங்க. தண்ணிய எப்படி அளக்குறதுன்னு சொல்லுங்க."

ஒரு வாளியும் கைக்கடிகாரமும் போதும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையும் அவள் வாளியைப் பீலியின் கீழ் வைப்பாள். நிரம்புவதற்கு எத்தனை விநாடி என்று பார்ப்பாள். பிள்ளைகளின் நிறை எழுதும் அதே பதிவுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிவைப்பாள். மாதம் ஒருமுறை நான் போய்ப் படமெடுத்துக்கொண்டு வருவேன். மழைக்காலத்தில் வாளியை வைத்த உடனே நிரம்பிவிடும். கோடையில் மெதுவாக நிரம்பும். தை கழிந்து மலையெல்லாம் காய்ந்து, கீழே நீர்த்தேக்கத்தின் ஓரங்களில் சிவந்த மண் தெரியத் தொடங்கிய நாட்களில் எனக்குப் பயமாக இருந்தது. தண்ணீர் நின்றுவிட்டால் பொறியியலாளர் சொன்னதே சரியென்று ஆகிவிடும். ஒரு வெள்ளிக்கிழமை அவளே தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மிஸ், கொழாய்த் தண்ணி ஒரு வாரமா இல்ல. பீலி வருது. மெல்ல வருது, ஆனா வருது. எழுதிட்டேன்."

முதலாம் கட்டம் அதற்குள் முடிந்துவிட்டது. நீட்டிய ஓடுபாதையில் முதல் விமானம் இறங்கிய அன்று லயத்திலிருந்து பிள்ளைகளையெல்லாம் மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். சத்தத்துக்குப் பயந்து இரண்டு குழந்தைகள் அழுதன, மற்றவை கைதட்டின. சரக்குக் கொட்டகைக்கு அத்திவாரம் போட்டபோது வியாபாரி எல்லாருக்கும் வட்டிலப்பம் கொண்டுவந்தார். லயத்து இளைஞர்களில் மூன்று பேர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். வரைபடத்தில் தன் காம்பறாவைத் தேடியவன் அவர்களில் ஒருவன்.

மூன்றாம் கட்டத்துக்கான புதிய வரைபடத்தைப் பொறியியலாளரே கொண்டுவந்து காட்டினார். சரிவு முழுவதையும் நிரப்புவதற்குப் பதிலாக மேலே ஒரு தாங்கு சுவர். பயணிகள் கட்டடம் கொஞ்சம் சிறிதாகி, வடக்கே நகர்ந்திருந்தது. பீலிக்கு மேலும் கீழும் தொடக்கூடாத நிலம் என்று பச்சை நிறம். அதன் நடுவில் ஒரு சிறு நீல வட்டம்.

"இது சரியான இடத்தில் இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்று என்னிடம் சொன்னார். அதில் குத்தல் எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது விசாரணை சென்ற மாதம் நடந்தது. அதே மண்டபம், அதே தலைவர். மடுவத்துப் பெண் பதிவுப் புத்தகத்தோடு வந்தாள். ஒவ்வொரு மாதமாக வாசித்தாள். நான் ஒவ்வொன்றையும் சிங்களத்தில் சொன்னேன். முடிவில் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இந்த அளவுகளை எடுத்தவர் யார் என்று பதிவுக்காகக் கேட்டார்.

நான் அதைத் தமிழில் கேட்டேன்.

"நான்தான்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "சிங்களத்துல அத நானே சொல்றேன் மிஸ்" என்று ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டாள்.